பத்தொன்பது வீடுகளுக்குப் போன ஆடியோ

ஐந்து நாட்களில் ஒன்பது பூனைகள் செத்துப்போயின. பூனைக் காப்பகத்தில் வேலை பார்க்கும் மகள் மாலையில் வந்ததும் வாசலில் நின்றபடியே அன்றைய எண்ணிக்கையைச் சொல்வாள். பிறகு செருப்பை வெளியே விட்டு, யாரையும் தொடாமல் நேராகக் குளிக்கப் போய்விடுவாள். முதல் நாள் ஒன்று. இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாள் மூன்று என்று அவள் சொன்னபோது அவளுடைய அப்பா எழுந்து டிவியை அணைத்தார். அடுத்த இரண்டு நாட்களும் இரண்டிரண்டு.

பூனைக்கு மட்டும் வருகிற தொற்று அது. மனிதர்களுக்கு ஒட்டாது. ஆனால் பூனைக்குப் பூனை ஒட்டுவதில் ஈவிரக்கம் பார்க்காது. காலையில் தட்டை வழித்து நக்கிய பூனை மாலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. மறுநாள் கூண்டு காலியாகிவிடும். செருப்பிலும் துணியிலும் கதவுக் கைப்பிடியிலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று காப்பகத்தின் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நோயுற்ற பூனைகளின் அறையிலேயே குடியிருந்தார். கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி வைத்திருந்ததால், அழைப்பு வந்தால் எடுப்பார். செய்தி எதையும் பார்க்க மாட்டார்.

ஆறாம் நாள் காப்பகத்தின் கமிட்டி கூடியது. அறிகுறி ஏதும் இல்லாத பூனைகள் இருபத்தாறு மிச்சம் இருந்தன. அவற்றுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டு, கட்டடத்தைக் காலி செய்து கழுவிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கூட்டங்களில் வாயே திறக்காத மகள் அன்று எழுந்து நின்றாள். பூனை வளர்க்காத வீடுகளாகப் பார்த்து, பதினான்கு நாட்களுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். நான் என்றாள்.

ஒன்றரை நாளில் பத்தொன்பது வீடுகளைப் பிடித்தாள். பத்தொன்பதாவது அவளுடைய சொந்த வீடு.

அவளுடைய அம்மா இருநூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவின் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கையின் கீழ் முப்பத்துநான்கு பேர். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அவரை சூப்பர்வைசரம்மா என்பார்கள்; வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிடுவார், கிண்டலாக. மனிதர்களைக் கொள்ளைநோய் வாட்டிய காலத்தில் அவர் பொறுப்பில் இருந்த இரண்டு தளங்களில் ஒரு நர்சுக்குக்கூட வார்டிலிருந்து நோய் ஒட்டவில்லை. கிருமி அந்த மாடிக்கு வரவேண்டுமென்றால் அந்தம்மாவிடம் பர்மிஷன் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று வார்டு பையன்கள் பேசிக்கொள்வார்களாம்.

மகள் லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பூனைக் காப்பகத்தில் சேர்ந்து நான்கு வருடமாகியிருந்தது. உறவுக்காரர்கள் கேட்டால், ஏதோ தொண்டு நிறுவனத்தில் இருக்கிறாள் என்று சூப்பர்வைசர் சொல்லுவார். பூனை என்ற சொல் அவர் வாயில் வராது. இரண்டு பேருக்கும் சண்டை எதுவும் இல்லை. ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் கேட்பதில்லை, அவ்வளவுதான். எனவே அந்தச் சனிக்கிழமை மகள் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, எனக்கு உன்னைத் தவிர வேற யாரையும் நம்ப முடியல. நீ இருந்தா ஒண்ணுகூடச் சாகாது" என்று சொன்னபோது, அவர் அடுப்பை அணைத்துவிட்டு, எந்த அறை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மூன்று பூனைகள் மூன்று கூடைகளில் வந்தன. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலை முடிந்து வந்ததும் அவற்றுக்குப் பெயர் வைத்தார். கொழுத்த சாம்பல் பூனை யாரைப் பார்த்தாலும் லீவ் கிடையாது என்பதுபோல் முறைத்ததால் அது மேனேஜர். காது பாதி அறுந்த கறுப்பன், கூடை திறந்த ஐந்தாவது நிமிடத்தில் அறையின் நான்கு மூலைகளையும் போய்ப் பார்த்துவிட்டுக் கதவருகே வந்து நின்றதால் தபால்காரர். மூன்றாவது, கட்டிலுக்கடியில் போனது வெளியே முகத்தைக் காட்டவில்லை. அது புதுப்பொண்ணு.

டாக்டர் எல்லா வீடுகளுக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார். பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு. பூனையை வேறு இடத்தில் அடைத்துவிட்டுத் தரையைத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகே பூனையை விடவேண்டும்.

சூப்பர்வைசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. பிளீச்சிங் சாக்கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சரி. தரையில் அது மாலைக்குள் பறந்துபோய்விடும். போட்டதைப் பத்து நிமிடத்தில் கழுவிவிட்டால் அப்புறம் அந்தத் தரைக்கு யார் காவல்? மருத்துவமனையில் ஒரு அறையைச் சோதிக்கும்போது அவர் முதலில் வாசலில் நின்று மூச்சை இழுப்பார். கண்ணால் பார்ப்பது இரண்டாவது. வாசனை நிற்கவில்லை என்றால் துடைத்தவரைக் கூப்பிட்டு மறுபடி துடைக்கச் சொல்லுவார். அப்படிப் பழகிய மூக்கு.

"டாக்டர் பிளீச்சிங்னு போட்டிருக்காங்களேம்மா" என்றாள் மகள்.

"டாக்டர் வைத்தியம் பாக்கட்டும். தரையை எங்கிட்ட விடச் சொல்லு."

மகள் சிரித்துவிட்டாள். நான்கு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் தாளை எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி வந்தார். கறுப்புப் பினாயில், கெட்டிச் சரக்கு. வாளித் தண்ணீரில் ஊற்றினால் பாலாக வெளுக்கும். வாளிக்கு இரண்டு மூடி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, சுவரோரத்திலிருந்து வாசலை நோக்கி. துடைத்தபின் கழுவக் கூடாது. மருந்து தரையில் தங்க வேண்டும். பூனை அதன் மேல் நடந்தால் நல்லதுதான், பாதத்தில் ஒட்டிய கிருமியும் சாகும்.

அன்று மாலையே மகள், இதை அப்படியே கைபேசியில் பேசிக் கொடு, எல்லா வீடுகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன் என்றாள். சூப்பர்வைசர் முதலில் மறுத்தார். பிறகு முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆடியோவுக்கு எதுக்கு அலங்காரம் என்று கணவர் கேட்டதற்கு, குரலில் தெரியும் என்றார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசினார். புதிதாகச் சேரும் ஆட்களுக்கு வகுப்பு எடுப்பதைப் போலவே, அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். அதன் கீழே மகள் எழுதினாள்: டாக்டர் தாளில் பிளீச்சிங் என்று இருக்கிறது, அதற்குப் பதில் இதைச் செய்யலாம், இன்னும் பலமானது. என் அம்மாவுக்கு இதில் இருபத்திரண்டு வருட அனுபவம்.

கும்பிடும் கைகள் வந்தன. இப்படி ஒருத்தர் வழிகாட்ட இருப்பது எங்கள் அதிர்ஷ்டம் என்று ஒருவர் எழுதினார். கமிட்டித் தலைவர்கூடக் கட்டைவிரலை உயர்த்தினார். சூப்பர்வைசர் படுக்கப் போகும் முன் அதையெல்லாம் ஒரு தரம் மேலிருந்து கீழே படித்தார்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மூன்று பூனைகளும் சாப்பிட்டன. செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தபோது தபால்காரர் வாசலுக்கு வரவில்லை. சுவரோரம் நின்றிருந்தது. கீழ்த்தாடையிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மார்பு மயிர் நனைந்திருந்தது. மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இரண்டடி வைத்தது. ஒவ்வொரு பாதத்தையும் சூடான தட்டிலிருந்து எடுப்பதுபோல் தூக்கித் தூக்கி வைத்தது. பின்னங்கால்கள் நடுங்கின.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்துடுச்சு" என்றாள்.

ஒரு வீட்டில் வந்துவிட்டது என்றால் மற்ற வீடுகளிலும் வரும் என்றுதான் கமிட்டி சொல்லும். இருபத்தாறையும் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் உள்ளே போய் டாக்டரை அழைத்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் வாளியை எடுத்துவிட்டார். நோய் வந்த அறைக்கு இரட்டிப்பு என்பது அவர் வார்டில் வழக்கம். வாளிக்கு இரண்டு மூடிக்குப் பதில் நான்கு மூடி ஊற்றி, நடுங்கிக்கொண்டிருந்த பூனையைச் சுற்றியே துடைத்தார். அது நகர முடியாமல் ஈரத்தில் உட்கார்ந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு" என்று அதனிடம் சொன்னார். அவர் ஒரு பூனையிடம் பேசியதை அன்றுதான் மகள் கேட்டாள்.

டாக்டர் காப்பகத்துக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்பக்கம் வண்டி நிறுத்தும் இடத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை போட்டிருந்தது. கவுனும் இரண்டு அடுக்குக் கையுறையும் அணிந்து வந்தவர், கூடையின் மூடியைத் திறந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கி மறுபடி முகர்ந்தார்.

பூனையின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். பாதங்களைத் திருப்பினார். ரோஜா நிறத்தில் தோல் உரிந்திருந்தது. வயிற்று மயிரை விலக்கினார், அங்கேயும் சிவப்பு. ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாயும் மகளும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். இருபது நிமிடம் ஆயிற்று.

திரும்பி வந்த டாக்டரின் குரல் உயரவில்லை. "வெள்ளை அணு நல்லா இருக்கு. அந்த நோய்னா அது குறைஞ்சிருக்கும். இது நோய் இல்ல. பினாயில் யார் போட்டது?"

சூப்பர்வைசர் கையை லேசாக உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல்.

டாக்டர் சொன்னது சுருக்கமானது. நம் உடம்பு அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலால் அது முடியாது. பூனை அதன் மேல் நடக்கிறது, பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நக்குகிறது. அதனால்தான் தாளில் கழுவச் சொல்லி எழுதியிருந்தேன் என்றார். கடைசியாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். "இன்னொண்ணு. இந்தக் கிருமியை அது கொல்லவும் கொல்லாதும்மா."

சூப்பர்வைசர் கூடையின் மூடியைப் பிடித்தபடி நின்றார். அவருடைய விரல் இடுக்குகளில் இருபத்திரண்டு வருடமாக அந்த வாசனை இருக்கிறது. சோப்புப் போட்டாலும் போகாது. காலையில் நான்கு மூடி ஊற்றியதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் மகளின் பக்கம் திரும்பினார். மகள் கைபேசியை எடுத்துக் குழுவைத் திறந்திருந்தாள். பெருவிரல் திரையின் மேல் நின்றது; எதையும் அழுத்தவில்லை.

"எத்தனை பேர் கேட்டிருக்காங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"எல்லாரும்."

டாக்டர் ஏதோ புரியாமல் இருவரையும் பார்த்தார். மகள் ஆடியோவைப் போட்டாள். மூன்று வேளை, சுவரோரத்திலிருந்து, கழுவக் கூடாது. அந்தத் தகரக் கூரையின் கீழ் குரல் கணீரென்று ஒலித்தது. ஒரு நிமிடம்கூடக் கேட்க முடியாமல் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது பூனைகள் செத்த ஐந்து நாட்களில் அவர் உட்கார்ந்து மகள் பார்த்ததில்லை.

பிறகு வேகமாகச் சொன்னார். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு கால், வயிறு, வால் எல்லாம் கழுவ வேண்டும். தரையை வெறும் தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும். ஜன்னலைத் திறக்க வேண்டும். எச்சில் வடிந்தால், நடுக்கம் இருந்தால், சாப்பிடாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மகள் ஆடியோவை அழித்துவிட்டு அதையெல்லாம் தட்டச்சு செய்தாள். அனுப்பியதும், பார்த்தாயிற்று என்ற அடையாளம் இரண்டு பேருக்கு மட்டும் வந்தது. வேலை நாள், நண்பகல்.

"மெசேஜை அவங்க சாயங்காலம்தான் பாப்பாங்க. நம்பர் குடு" என்றார் சூப்பர்வைசர்.

நான் பேசுகிறேன் என்றாள் மகள். அவர் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது என் குரலைத்தானே என்றார். காப்பகத்தின் பின் படிக்கட்டில் உட்கார்ந்து, பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் தன் வீட்டுக்கே அழைத்தார். இரவு ஷிப்ட் போக வேண்டிய கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து எடுத்தார். அரை மணியில் அவர் திரும்ப அழைத்து, இரண்டு பேரையும் குளிப்பாட்டியாயிற்று, மேனேஜர் என் இரண்டு கையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை என்றதும் என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று சூப்பர்வைசர் வைத்துவிட்டார்.

மற்ற பதினெட்டு வீடுகளுக்கும் அவர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கினார். நான் சொன்னது தப்பு, அதனால் பூனைக்கு விஷம் ஏறும், இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். ஏன், எப்படி என்று கேட்டவர்களுக்குக் கழுவிவிட்டுப் பேசுங்கள் என்றார்.

டியூஷன் எடுக்கும் ஒரு பெண் முதல் நாளோடு துடைப்பதை விட்டுவிட்டாராம். அவருடைய பூனை ஜன்னலில் படுத்திருந்தது. முடிதிருத்துபவர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க மேடம். வாசனை எனக்குத் தலைவலி. வெறும் தண்ணியிலதான் துடைச்சேன். குரூப்புல மட்டும் துடைச்சேன்னு போட்டேன்" என்றார். நல்ல காரியம் செய்தீர்கள் என்றார் சூப்பர்வைசர். முடிதிருத்துபவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். சோம்பேறிகளின் வீட்டிலும் பொய் சொன்னவர்களின் வீட்டிலும் பூனைகள் சௌக்கியமாக இருந்தன. சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள்தான் ஒருவர்பின் ஒருவராகத் தடுமாறினார்கள். வங்கியில் வேலை செய்யும் கணவனும் மனைவியும், நேற்றிலிருந்தே எச்சில் வடிகிறது, பசியாக இருக்கும் என்று நினைத்தோம் என்றார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் சத்தம் போட்டார். அவர் போட்டு முடிக்கும் வரை சூப்பர்வைசர் காதிலிருந்து கைபேசியை எடுக்கவில்லை. முடித்ததும், வெதுவெதுப்பான தண்ணீர் என்று மறுபடி ஆரம்பித்தார்.

மூன்று மணிக்குள் நான்கு கூடைகள் தகரக் கூரையின் கீழ் வந்து இறங்கின. கொண்டுவந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்மணியைக் கடந்துதான் போனார்கள். வங்கிக்காரரின் மனைவி குரலை அடையாளம் கண்டு நின்றாள். கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

பதினேழு வீடுகள் முடிந்தன. பதினெட்டாவது மட்டும் எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; கடைக்கு மேல் மாடியில் தனியாகக் குடியிருப்பவர். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஆறு முறை அழைத்தும் மணி அடித்து ஓய்ந்தது. மகள் குழுவில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். அவர் தினமும் தரையைப் படமெடுத்துப் போட்டிருந்தார். தரையில் டியூப்லைட்டின் நீளம் முழுவதும் தெரிந்தது. மற்றவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது சூப்பர்வைசர்தான். கடைசிப் படம் நேற்று மதியம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

மகளின் ஸ்கூட்டரில் போனார்கள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இருவரும் செருப்பைக் கழற்றி, காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் உறைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, உள்ளிருந்த குறுகலான படியில் ஏறினார்கள். பாதிப் படியிலேயே வாசனை வந்தது. தன் வார்டில் என்றால் சூப்பர்வைசர் அந்த வாசனைக்கு ஒருவரைப் பாராட்டியிருப்பார்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்கியது. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டு, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். மகளைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டும், குழுவில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் போனை மேசைக்குள் போட்டுவிட்டேன் என்றார். காலையில் ஏழு மணிக்கு ஒன்று போய்விட்டது. கண்ணாடிச் சட்டங்கள் வரும் அட்டைப்பெட்டி ஒன்று சுவரோரம் மூடியிருந்தது. மேலே ஒரு வெள்ளைத் துணி நான்காக மடித்து வைத்திருந்தது. மற்றது குளியலறைப் பக்கம் சாக்கின் மேல் படுத்திருந்தது. வாயோரம் நுரை. மகள் உள்ளே ஓடினாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் சூப்பர்வைசரிடம் ஒரு நாற்காலியை நகர்த்தினார். சூப்பர்வைசர் உட்காரவில்லை. அழுத்தமான கண்கள் கடைக்காரருக்கு. லென்ஸ் தேய்த்துத் தேய்த்து சின்னக் கீறலையும் தேடிப் பழகிய கண்கள். அவற்றால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மூணு வேளைன்னீங்க. நான் அஞ்சு வேளை துடைச்சேன். அப்படியும் எங்கயோ விட்டுட்டேன். கட்டிலுக்கு அடியில கை எட்டல. அதுல இருந்திருக்குமோ மேடம்?"

என் குரல் தெரிகிறதா என்று சூப்பர்வைசர் கேட்டார். தினமும் கேட்கிறேனே, ஒவ்வொரு தடவை துடைக்கும் முன்னும் ஒரு தரம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் துடைப்பேன், எதையும் மறந்துவிடக் கூடாதே என்றார் அவர்.

மகள் நனைந்த குட்டியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதன் தலை ஆடியது. தாயைக் கடக்கும்போது நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இப்ப சொல்ல வேணாம்மா. அவரால தாங்க முடியாது. நோய்னே இருக்கட்டும், அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. படியில் இறங்கும் சத்தமும் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தமும் கேட்டன.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சூப்பர்வைசருக்கு நோயாளிகளின் உறவினர்களிடம் சாவைச் சொல்லிப் பழக்கமில்லை. அது டாக்டர்களின் வேலை. டாக்டர் சொல்லிவிட்டுப் போனபின் அறையைத் துடைப்பதுதான் அவர் வேலை. இப்போது ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாலும் இந்த மனிதர் கதவு வரை வந்து வழியனுப்புவார். நன்றிகூடச் சொல்லுவார். கட்டிலுக்கடியில் கை எட்டவில்லை என்பதை ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"கட்டிலுக்கு அடியில ஒண்ணும் இல்ல சார்" என்றார். "அதுக்கு நோயே வரல. நான் போடச் சொன்ன மருந்துதான் கொன்னுடுச்சு."

அவர் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் மறுபடி சொன்னார். பாதத்தை நக்குவதை, ஈரலை, தாளில் கழுவச் சொல்லி எழுதியிருந்ததை, அதை வேண்டாம் என்று சொன்னது தான் என்பதை வரிசையாகச் சொன்னார். தன் வீட்டுப் பூனையும் அப்படித்தான் கிடக்கிறது என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். அது இவருக்கு எதற்கு.

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், பிறகு கழற்றினார். அட்டைப்பெட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று சூப்பர்வைசர் காத்திருந்தார். கத்தினால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அஞ்சு வேளை" என்றார் அவர்.

பிறகு திடீரென்று எழுந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, துணிகளுக்கும் திருப்புளிகளுக்கும் நடுவிலிருந்து கைபேசியை எடுத்தார். சூப்பர்வைசரின் ஆறு அழைப்புகள் திரையில் வரிசையாக நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு எதையோ தேடினார். இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தினார்.

"உங்க ஆடியோவை என் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை. வேற ஊர்ல இருக்கா. அவ வீட்ல மூணு பூனை. இவ்வளவு அழகா யாரும் சொல்லித் தந்ததில்லண்ணா, என் ஃப்ரெண்ட்ஸுக்கும் போட்டுட்டேன்னா."

குழுவிலிருந்து அழித்ததை நினைத்து சூப்பர்வைசர் ஒரு கணம் ஆறுதல் தேடினார். ஆனால் அந்தக் குரல் எங்கேயோ வேறு கைபேசிகளில், வேறு வாளிகளின் பக்கத்தில், கணீரென்று பேசிக்கொண்டிருந்தது. எத்தனை வீடுகள் என்று கேட்க இனி யாரிடமும் பட்டியல் இல்லை.

கடைக்காரர் தங்கையின் எண்ணை எடுத்து அழைப்பை அழுத்திவிட்டு, கைபேசியைத் தன் காதுக்குக் கொண்டுபோகாமல் சூப்பர்வைசரிடம் நீட்டினார்.

"என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க."

மணி அடித்தது. சூப்பர்வைசர் வாங்கிக் காதில் வைத்தார். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம், ஒரு வாளி நகரும் சத்தம். சிரித்த குரல் ஒன்று, "சொல்லுண்ணா, இப்பதான் துடைச்சுக்கிட்டிருக்கேன்" என்றது.

"கையில இருக்கறதைக் கீழ வைங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். "உங்க அண்ணன் அனுப்பினாரே ஒரு ஆடியோ, அதுல பேசினது நான்தான்."